எந்தக் கிளை வரை?

கல்லீரலில் புற்றுநோய் கண்டிருக்கிறது என்று வைத்தியர் சொன்ன மாத்திரத்தில் உறவினர் கேட்பது, "கட்டி எத்தனை பெரிது, டாக்டர்?" என்பதுதான். நியாயமான கேள்வி, ஆனால் இந்த வியாதியில் கட்டியின் பருமனுக்குச் சற்றும் குறையாமல் சிகிச்சையையும் ஆயுளையும் நிர்ணயிப்பது, அது இரத்தக் குழாய்க்குள் புகுந்துவிட்டதா, புகுந்திருந்தால் எதுவரை போயிருக்கிறது என்கிற விஷயமே.

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் குடலிலிருந்து திரட்டிக் கொணரும் போர்ட்டல் சிரை, வலம் இடமாகப் பிரிந்து, பிறகு கிளைக்குள் கிளையாகச் சிறுத்துச் செல்வது. ஜப்பானிய வைத்தியர்கள் இந்தக் கிளைவழியையே அளவுகோலாகக் கொண்டு, நோய் இரண்டாம் கிளைக்கும் அப்பாலுள்ள சிறு குழாய்களில் நின்றால் 'விபி 1', இரண்டாம் கிளையில் 'விபி 2', வலது அல்லது இடது முதற்கிளையில் 'விபி 3', அடித்தண்டையோ எதிர்ப்பக்கக் கிளையையோ எட்டிவிட்டால் 'விபி 4' என வகுத்தார்கள். சீனத்து வகுப்பு, நுண்ணோக்கியில் மட்டும் புலப்படும் ஊடுருவலுக்கும் ஓர் இடம் கொடுத்தது.

விபி 1, 2 என்றால், கல்லீரல் சக்தியோடு இருக்கும்பட்சத்தில், நோயுற்ற பகுதியைக் குழாயோடு அறுத்தெடுக்கும் யோசனைக்கு இடமுண்டு. அடித்தண்டு முழுவதும் அடைபட்டுவிட்டாலோ, தமனி வழியாக மருந்து செலுத்திக் கட்டிக்குப் போகும் இரத்தத்தைத் தடுக்கும் வழக்கமான சிகிச்சையே ஆபத்தாகிவிடும்; போர்ட்டல் இரத்தம் நின்றுபோன கல்லீரலுக்கு மிஞ்சியிருப்பது அந்தத் தமனி ஒன்றுதானே!

1999இல் வெளியான பார்சிலோனா நிலைவகுப்பு முறை, எந்தக் கிளையானாலும் குழாயில் புற்று புகுந்தவர்கள் அனைவரையும் 'சி' நிலையில் ஒன்றாகச் சேர்த்து, மருந்துச் சிகிச்சைக்கு அனுப்புகிறது. எளிமை என்ற லாபம் அதற்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

என் கவலை வேறு. நோயாளி கையில் கொண்டுவரும் ஸ்கேன் அறிக்கையில், 'போர்ட்டல் வெயின் த்ராம்பஸ் காணப்படுகிறது' என்ற ஒற்றை வரியோடு பல சமயம் காரியம் முடிந்துவிடுகிறது. எந்தக் கிளை என்று இல்லை. அது புற்றுத் திசுவா, வெறும் இரத்தக்கட்டியா என்பதும் இல்லை. சுருங்கி இறுகிய கல்லீரல் உடையவர்களுக்குப் புற்று நுழையாமலே குழாயில் இரத்தம் உறைவது உண்டு. ஸ்கேனில் தமனி வேளையில் சாயம் ஏறி ஒளிர்ந்து, குழாயையும் அகட்டி நிற்குமானால் அது பெரும்பாலும் புற்று; சாயம் ஏறாமல் கிடந்தால் வெறும் உறைவாக இருக்கவே இடம் அதிகம். 1996இல் வகுத்த மிலான் விதியின்படி, மாற்றுக் கல்லீரல் பொருத்த வேண்டுமானால் குழாயில் புற்று இருக்கலாகாது. ஆகவே வெறும் உறைவைப் புற்று என்று எண்ணிவிட்டால், பிழைக்க வழியுள்ளவர் வரிசையிலிருந்தே விலக்கப்படுவார்.

ஆதலால், அறிக்கையை வாங்கும்போதே வைத்தியரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எந்தக் கிளை வரை, உறைவா புற்றா? பதில் எழுத்தில் இல்லையென்றால், எழுதித் தரும்படி கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.