தனிமையின் சந்தை – 9: வசியப் பாடம்

ரங்கூன் நகரத்துப் பான்சொடான் துறையில் படகேறினால் பத்து நிமிடத்தில் டாலா வந்துவிடும். ஜப்பான் 2014-ல் கொடுத்த ‘செர்ரி’ கப்பல்கள்தான் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடிக்கொண்டிருந்தன. ஆற்றின் ஒரு பக்கம் மாடிக் கட்டடங்கள். மறுபக்கம், கோடையில் குளம் வற்றிவிட்டால் குடிநீருக்கு வரிசையில் நிற்கும் ஊர். 2008 மே மாதத்து நர்கீஸ் புயலில் அடிபட்டு, மெல்ல மெல்ல எழுந்த ஊர். ஆண்களின் தனிமையைச் சிலர் சரக்காக்கி விற்பதைப் பற்றிய இந்தத் தொடரில் டாலாவுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். தனிமை எப்படி உண்டாகிறது என்பதை டாலாவைப் போலத் தெளிவாகக் காட்டும் ஊர்கள் குறைவு. வெள்ளைக்காரர் காலத்தில் ஐராவதி நீராவிக் கப்பல் கம்பெனியின் பெரிய கப்பல் பட்டறை இங்கேதான் இருந்தது. பட்டறையையும் படகுகளையும் சுற்றுவட்டார அரிசி ஆலைகளையும் நம்பி சிட்டகாங் மாலுமிகளும் தெலுங்கரும் தமிழரும் வந்தார்கள். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூனில் இருந்த சுமார் 4 லட்சம் பேரில் இந்தியர் மட்டும் 2 லட்சத்து 12 ஆயிரத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கப்பலேற்றியவர்கள். மனைவியை ஊரில் விட்டு வந்தவர்கள், அல்லது மணமாகும் முன்பே வந்தவர்கள். ஒரே அறையில் முறை வைத்துத் தூங்கிய அந்தக் கூலிகளின் நெருக்கடியை ரங்கூனின் இந்தியத் தொழிலாளர் பற்றி ஆண்ட்ரூ என்பவர் எழுதி 1933-ல் வெளியான நூல் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

அந்த ஆண்கள் தனியாக இருந்ததற்குக் காரணம் பேசத் தெரியாதது அல்ல. மேஸ்திரி முறை அவர்களைத் தனியாளாக்கியது. கூலி, குடும்பத்தை அழைத்துவரப் போதவில்லை. ஆனால் இன்று தனிமையில் இருக்கும் இளைஞனிடம் சந்தை வேறொன்றைச் சொல்கிறது: உன்னிடம் ஒரு திறமை குறைகிறது, அதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளலாம். இந்த வாரம் நான் எடுத்துக்கொள்வது அந்த வாக்குறுதியைத்தான்.

பெண்களைக் கவரும் கலையை ஆண்கள் கூட்டாகக் கற்பது என்ற வழக்கம், இன்று நாம் அறியும் வடிவில், அமெரிக்காவில் 1980-களின் இறுதியில் உருப்பெற்றது. ராஸ் ஜெஃப்ரீஸ் என்பவர் மனோவசியச் சொற்றொடர்களைப் பாடமாக விற்றார். பிறகு ‘மிஸ்டரி’ என்ற பெயரில் ஒரு கனடிய மந்திரவித்தைக்காரர் வந்து, சந்திப்பு முதல் படுக்கை வரை ஒன்பது படிகள் வகுத்தார்: ஈர்ப்பில் மூன்று, நெருக்கத்தில் மூன்று, வசியத்தில் மூன்று. மொத்தமும் சராசரியாக ஏழு மணி நேரத்தில் முடியும் என்று கணக்கும் சொன்னார். 2005-ல் பத்திரிகையாளர் நீல் ஸ்ட்ராஸ் எழுதிய ‘தி கேம்’ இதை உலகெங்கும் கொண்டுபோனது. அந்தப் புத்தகத்தில் பெண்களைவிட ஆண்களே அதிகம் தென்படுகிறார்கள். இரவெல்லாம் மதுக்கூடங்களில் சுற்றிவிட்டு, விடிந்ததும் ‘களச் செய்தி’ எழுதிச் சக மாணவர்களிடம் பாராட்டு வாங்குகிறார்கள். பெண்ணுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண், முதலில் பேசுவதற்கு மனப்பாட வரி, அவள் தன்னம்பிக்கையைச் சற்றே தட்டிவைக்க ஒரு குத்தல் பாராட்டு, பக்கத்தில் துணைக்கு ஒரு நண்பன் என எல்லாமே ஆண்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஆட்ட விதிகள். பயிற்சியாளர் ஜூலியன் பிளாங்க், பெண்களின் கழுத்தைப் பிடித்து இழுக்கும் காட்சிகளைப் பரப்பியதற்காக 2014 நவம்பரில் ஆஸ்திரேலியா அவர் விசாவை ரத்து செய்தது; பிரிட்டன் விசா தர மறுத்தது. அதன்பிறகு பாடங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டன. இப்போது தமிழில் வரும் குறுவீடியோக்களிலும் கட்டண வகுப்புகளிலும் கேட்பது வேறு சுருதி: இது பெண்ணைப் பற்றியதே அல்ல தம்பி, உன்னை நீ உயர்த்திக்கொள்வதைப் பற்றியது, தன்னம்பிக்கை வளர்ந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இது பார்க்க நல்ல வாதம். கூச்சத்தால் வாயடைத்துப் போன ஒருவனை நிமிர்ந்து நிற்க வைக்கிறது என்றால், அதை ஏன் குறை சொல்ல வேண்டும்? இதைச் சோதித்துப் பார்க்க வழியிருக்கிறதா என்று யோசித்தால், பதில் மியான்மரின் மறு கோடியில், தாய்லாந்து எல்லையில் கிடைக்கிறது.

மோய் ஆற்றங்கரையில் மியாவடி. அதை ஒட்டி கே.கே. பார்க், ஷ்வே கொக்கோ போன்ற மதில் சூழ்ந்த வளாகங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பி விமானம் ஏறியவர்கள் இரவோடு இரவாக ஆறு கடத்தப்பட்டு இங்கே அடைக்கப்பட்டார்கள். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிக் கட்டாய மோசடி வேலையில் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. 2022 அக்டோபர் முதல் வாரத்தில் 13 தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை இரண்டு விமானங்களில் 549 பேரை அழைத்துவந்தது. இப்படிச் சிக்கியவர்களில் பலர் அங்கே பார்த்த வேலை, அந்நியரைக் காதலிக்க வைப்பது.

அந்த வேலை நடக்கும் விதம் வெளியே வந்தவர்களின் வாக்குமூலங்களில் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. மேசையில் ஆளுக்குப் பல கைபேசிகள். வேறு யாருடையதோ ஆன அழகிய முகப்படம். ‘தவறான எண்ணுக்கு அனுப்பிவிட்டேன், மன்னிக்கவும்’ என்று தொடக்கம். பிறகு நாள்வாரியாகப் பிரித்துக் கொடுத்த உரையாடல் தாள்: சாப்பிட்டாயா என்ற விசாரிப்பு, சிறுவயது நினைவுகள், முன்பு ஏமாந்த காதல், அப்புறம் இருவரும் சேர்ந்து கட்டப்போகும் வீடு. எதிராளி சந்தேகப்பட்டால் என்ன சொல்வது, கோபித்துக்கொண்டால் எத்தனை மணி நேரம் பேசாமல் இருப்பது என்பதற்கும் குறிப்பு உண்டு. வீடியோவில் முகம் காட்டச் சொன்னால் அதற்கென்று சம்பளத்துக்கு வைத்த ஒருத்தி வந்து உட்காருவாள். நம்பிக்கை பழுத்ததும் கிரிப்டோ முதலீட்டுப் பேச்சு. பெரிய தொகை விழுந்தால் மேளம் அடித்துக் கொண்டாட்டம். இலக்கை எட்டாவிட்டால் அடி, மின்சாரத் தடி. வெளியேற வேண்டுமானால் ‘உன்னை வாங்கிய விலை’ என்று ஒரு கடனை அடைத்தாக வேண்டும். மேஸ்திரியின் முன்பணத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இப்போது வகுப்பறையின் வாதத்துக்குத் திரும்புவோம். வசியப் பாடம் பலிப்பது கற்றவனின் தன்னம்பிக்கையால், ஆளுமை வளர்ச்சியால் என்றால், மியாவடியில் அது பலித்திருக்கவே கூடாது. அங்கே தட்டச்சு செய்தவன் பயந்து கிடந்தவன், ஒழுங்காகத் தூங்காதவன், பல வேளைகளில் ஆணாயிருந்தும் பெண்ணாக எழுதியவன், எதிரே இருப்பவரை வாழ்நாளில் பார்க்கப் போகாதவன். அவனிடம் ஆளுமை வளர்ச்சி என்று எதுவும் இல்லை. இருந்தும் ஹாம்பர்க்கிலும் டெக்சாஸிலும் படித்த, வாழ்க்கையைப் பார்த்த மனிதர்கள் அவன் அனுப்பிய வரிகளை நம்பி, வாழ்நாள் சேமிப்பை இழந்தார்கள். ஆக, பலித்தது தாள். எழுதுபவன் யார் என்பது பொருட்டே இல்லை. தனித்திருக்கும் மனித மனம் தொடர்ச்சியான கவனிப்புக்கு இளகும் என்ற ஓர் உண்மை இருக்கிறது; அதைப் படிகளாகப் பிரித்தால் யார் கையிலும் அது வேலை செய்யும். அப்படி வேலை செய்வதை ‘நீ உயர்ந்துவிட்டாய்’ என்று ஒருவனிடம் சொல்லிக் காசு வாங்குவது, அவன் வாங்காத பொருளுக்குக் கட்டணம் வாங்குவது.

ஒப்பீடே தவறு என்பார்கள். மியாவடிக்காரன் பணத்தைத் திருடுகிறான்; வகுப்புக்குப் போகும் கோயம்புத்தூர் பையன் ஒரு தோழியைத்தானே தேடுகிறான்? உண்மை, நோக்கம் வேறு. ஒருவன் குற்றத்துக்கு இரையானவன், மற்றவன் வாடிக்கையாளன். இருவரையும் ஒரே தட்டில் வைத்துக் குற்றம் சாட்டுவது அநியாயம். நான் ஒப்பிடுவது ஆட்களை அல்ல, கருவியை. எதிரில் இருப்பவர் தனக்கு என்ன நடக்கிறது என்று அறிந்தால் இரண்டு தாள்களுமே செல்லாது. ‘நேற்று நான் சொன்ன கதை வகுப்பில் கொடுத்தது, இரண்டாவது படியில் இதைச் சொல்ல வேண்டும்’ என்று அந்தப் பையனால் அவளிடம் சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால் அது பேச்சுப் பழக்கம், தாராளமாகக் கற்கலாம். சொல்ல முடியாதென்றால் அவள் சொன்ன ‘சரி’ அவனுக்குச் சொன்னது அல்ல. நீல் ஸ்ட்ராஸ் பத்தாண்டு கழித்து, 2015-ல் ‘தி ட்ரூத்’ என்று இன்னொரு புத்தகம் எழுதினார். தன்னை நம்பிய பெண்ணுக்குத் துரோகம் செய்து சிகிச்சை நிலையத்துக்குப் போன கதை அது. ஒன்பது படிகளும் தெரிந்தவர். பத்தாவது படியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

பத்தாவது படியைப் பற்றிப் பர்மா நமக்குச் சொல்ல நிறைய வைத்திருக்கிறது. ரங்கூனிலும் டாலாவிலும் இருந்த இந்திய ஆண்களில் சிலர் பர்மியப் பெண்களோடு வாழத் தொடங்கினார்கள். பலர் உண்மையாக வாழ்ந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் இந்து ஆணோடு வாழ்ந்த பௌத்தப் பெண்ணை அன்றைய இந்துச் சட்டம் மனைவியாக ஏற்கவில்லை. அவன் இறந்தால், அல்லது கப்பலேறி ஊருக்குப் போய்விட்டால், அவளுக்குச் சொத்தும் இல்லை, பெயரும் இல்லை. இந்தியருக்கு எதிரான 1938 ஜூலைக் கலவரத்தை விசாரித்த குழு, பர்மியரின் எரிச்சலுக்கான காரணங்களில் ஒன்றாக இந்தத் திருமணப் பிரச்சினையையும் எடுத்துக்காட்டியது. 1939-ல் பௌத்தப் பெண்கள் தனித் திருமண, வாரிசுரிமைச் சட்டம் வந்தது. பெண்ணின் நியாயமான குறையை இன வெறுப்பு பயன்படுத்திக்கொண்டது என்பதையும் மறைக்கக் கூடாது. 2015-ல் ஏறக்குறைய அதே பெயரில் வந்த சட்டம் முஸ்லிம்களுக்கு எதிரான பிரசாரத்தின் பிள்ளை. ஆனாலும் 1939-ன் கேள்வி நேர்மையானது. ஒரு பெண்ணை அடைந்ததை ஆண்கள் தமக்குள் வெற்றி என்று எண்ணிக்கொண்ட இடத்தில், ‘அதன்பிறகு?’ என்று கேட்க அவளுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது.

நம் மரபிலும் இதெல்லாம் உண்டே என்பது அடுத்த மறுப்பு. அகப்பொருள் இலக்கணம் தலைவனுக்குப் பாங்கனைத் துணை வைத்ததே? வைத்தது. அந்தப் பாங்கன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். முதலில் அவன் செய்வது கழறல்: உன் நிலைக்கு இது தகுமா என்று நண்பனைக் கண்டிப்பது. அப்புறம்தான் உதவி. பாங்கனைத் தாண்டினால் தோழி. அவள் எளிதில் வழிவிடுவதில்லை. காரணம் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போடுகிறாள். அதற்குச் சேட்படை என்றே துறை வகுத்திருக்கிறார்கள். இரவில் வந்து போகும் தலைவனிடம் எப்போது மணப்பாய் என்று நெருக்குவதும் அவள்தான். அது வரைவு கடாதல். மடலேறுவேன் என்று மிரட்டும் தலைவனும் அதே மரபில் இருக்கிறான்; ஆகவே அந்த உலகம் பழுதற்றது என்று நான் சொல்லவில்லை. சொல்வது இவ்வளவே: அங்கே ஆணுக்குக் கிடைத்த ஆலோசனை, பெண் தரப்பு எதிர்க்கேள்வி கேட்கும் இடத்தில் நடந்தது. இன்றைய வகுப்பில் கண்டிக்கும் பாங்கன் இல்லை, தோழியும் இல்லை. ஒரு பெண் மறுத்தால் அது அடுத்த பாடத்தை விற்க ஒரு காரணமாகிறது.

கூச்சமுள்ள ஆண்களை அப்படியே விட்டுவிடுவதா என்பது எல்லாவற்றிலும் கனமான கேள்வி. விடக் கூடாது. அந்தத் துன்பம் மெய்யானது, நம் சமூகம் அதைக் கேலி செய்து கடந்துபோகிறது. ஆண்–பெண் இரு வரிசையாகப் பிரித்து உட்காரவைத்த பள்ளி, பேசினால் பெற்றோரை அழைக்கும் கல்லூரி, இருபத்தைந்து வயதில் திடீரென்று ‘நீயாக ஒருத்தியைப் பார்த்துக்கொள்ள மாட்டாயா’ என்று கேட்கும் வீடு: இவை சேர்ந்து உண்டாக்கியதைத் தனியொருவனின் குறையாக்கி அவனிடமே வசூலிக்கிறோம். மியான்மரில் நிலைமை இன்னும் கடுமை. 2024 பிப்ரவரியில் ராணுவ அரசு கட்டாயப் படைச் சேர்க்கைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 18 முதல் 35 வயது வரையான ஆண்களுக்கு வலை விரிக்கப்பட்டது. ஓடியவர்களும் ஒளிந்தவர்களும் போக, ரங்கூன் ஓரத்து ஊர்களில் மிஞ்சிய இளைஞனுக்கு நண்பர் கூட்டம் என்பதே கைபேசிக்குள் சுருங்கிவிட்டது. அவனிடம் பேச்சுத் திறன் வகுப்பை விற்பது, சோறில்லாதவனிடம் சாப்பிடும் முறை சொல்லிக்கொடுப்பது.

செய்யக்கூடியது இருக்கிறது. பிறர் முன்னால் பேச நடுங்கும் பதற்றத்துக்கு மனநல மருத்துவத்தில் சிகிச்சை உண்டு. அதிலும் ஒத்திகை உண்டு, படிப்படியான பயிற்சி உண்டு. ஆனால் அந்தச் சிகிச்சை எதிராளியை ஏமாற்றச் சொல்வதில்லை. வெற்றியைப் பெண்களின் எண்ணிக்கையால் அளப்பதும் இல்லை. கல்லூரிகளும் ஊர்ச் சங்கங்களும், மியான்மர்த் தமிழர்களின் கோயில் கமிட்டிகளும் கூட, இளம் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும் இடங்களை உண்டாக்கலாம்: திருவிழாச் சமையல், தமிழ் வகுப்பு, வெள்ள நிவாரணம். நர்கீஸுக்குப் பிறகு அரிசி மூட்டை சுமந்தவர்களுக்கு முதல் வரி என்ன பேசுவது என்ற பிரச்சினை வந்திருக்காது. எந்த வீட்டுக்கு எத்தனை மூட்டை என்று பேசியே ஆக வேண்டியிருந்திருக்கும்.

(தொடரும்)