ஐஸ் பெட்டி அடம் பிடிக்கிறதா?

நோன்பு மாதம். அஸர் தொழுதுவிட்டு அடுப்படிக்குள் நுழைந்திருக்கிறீர்கள். கஞ்சி கொதிக்கிறது. சர்பத்துக்குக் கசகசா ஊறிவிட்டது. பிரிட்ஜைத் திறந்து ஐஸ் பெட்டியை இழுத்தால், கட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகக் கிடக்கின்றன. மஃரிபுக்கு இன்னும் அரை மணி நேரம்தான். கை தானாகக் கத்தியைத் தேடுகிறது.

வேண்டாம் சகோதரி, அந்தக் கத்தியைக் கீழே வையுங்கள்! உறைபனி பிடிக்கும் சாதாரண பிரிட்ஜ்களில் வாயு ஓடும் குழாய் உறைபெட்டியின் சுவரிலேயே இருக்கிறது. கத்தி முனை ஒரு முறை பட்டால் போதும், வாயு வெளியேறிவிடும். அதோடு பிரிட்ஜின் கதை அநேகமாக முடிந்தது. இன்றைய புதிய பிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன். அது தீப்பற்றக்கூடிய வாயு. பக்கத்தில் அடுப்பு எரியும்போது இந்த விளையாட்டு தேவையா?

கற்பிட்டியில் வாழும் நமக்கு ஐஸ் பெட்டியின் தொல்லை சற்று அதிகம். ஒரு புறம் கடல், மறு புறம் புத்தளம் களப்பு, நடுவே மணல். கிணற்று நீர், கடல் காற்று, கரண்ட் ஆகிய மூன்றும் சேர்ந்து பிரிட்ஜைப் படுத்துகின்றன. ஆனால் ஐஸ் பெட்டி பழுது என்று நாம் நினைப்பதில் பெரும்பாலானவை பெட்டியின் பழுதே அல்ல. ஐஸ் என்பது தண்ணீர்தானே? தண்ணீரையும் கதவையும் கரண்டையும் முதலில் பார்த்தால், திருத்துபவரை அழைக்காமலே பாதிக் குறைகளை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வகைப் பெட்டிகள்

முதல் வகையில் தட்டில் நாமே தண்ணீர் ஊற்றி, உறைந்ததும் திருகியைத் திருப்பினால் கட்டிகள் கீழே விழும். இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய பிரிட்ஜ்களில் இருக்கும் தானியங்கிப் பெட்டி. அதற்குத் தண்ணீர்க் குழாய் இணைக்க வேண்டும். குழாய் நீர் வடிகட்டி வழியாக ஒரு வால்வுக்கு வருகிறது. வால்வு சில விநாடிகள் திறந்து அச்சுத் தட்டை நிரப்புகிறது. உறைந்தபின் தட்டின் அடியிலுள்ள சூடாக்கி இலேசாகச் சூடேற்ற, கட்டிகள் விலகிப் பெட்டியில் விழுகின்றன. பெட்டி நிறைந்ததும் பக்கத்திலுள்ள கம்பி மேலே தள்ளப்பட்டு வேலை நிற்கிறது. ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே, இன்று மாலை வேண்டிய ஐஸை நேற்றே சேர்த்து வைக்க வேண்டும்.

ஐஸே விழவில்லையா?

முதலில் அந்தக் கம்பியைப் பாருங்கள். மீன் பொதியோ இறைச்சிப் பொதியோ தட்டி அது மேலே தூக்கிக்கொண்டிருந்தால், பெட்டி நிறைந்துவிட்டதாக இயந்திரம் எண்ணிக்கொள்ளும். கீழே இறக்கிவிட்டால் போதும்.

அடுத்தது குளிர். உறைபெட்டியில் சைபருக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். தோணி வந்த அன்று பத்துக் கிலோ மீனை ஒரேயடியாக உள்ளே அடைத்தால் குளிர் ஏறிப்போகும், அன்று ஐஸ் விழாது. மீனைச் சிறு பொதிகளாக்கி, காற்றுப் போக இடம் விட்டு அடுக்குங்கள்.

மூன்றாவது, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பின்புறக் குழாய் நசுங்கியிருக்கலாம். வால்வின் வாயிலுள்ள சிறு வலையில் மணலும் துருவும் அடைத்திருக்கலாம். வடிகட்டியைப் பொதுவாக 6 மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். நம் ஊர் நீருக்கு அதற்கு முன்பே அடைத்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. தண்ணீர் உள்ளே செல்லும் சிறு குழாய் உறைந்து அடைத்திருந்தால், பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து வைத்து, தானாக இளக விடுங்கள். சுடுநீரை அள்ளி ஊற்ற வேண்டாம்.

கட்டி சிறுத்து உள்ளே பொள்ளலாக இருக்கிறதா?

எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மகன் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய இரட்டைக் கதவு பிரிட்ஜ். வந்த நாள் முதல் ஐஸ் கட்டிகள் சிப்பி ஓடு போலவே விழுந்தன. ஐஸ் பெட்டியைக் கழற்றி மாற்றினார்கள், அதே சிப்பி ஓடு. இரண்டாவது முறையும் மாற்றினார்கள், அப்போதும் அதே. மகன் வெயிலில் நின்று உழைத்த காசு இரண்டு தரம் போனதுதான் மிச்சம்.

குற்றம் கூரைக்கு மேலே இருந்தது. இந்தப் பிரிட்ஜ்கள் பலவற்றுக்குத் தண்ணீர் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 20 இறாத்தல் அழுத்தத்தோடு வர வேண்டும். ஓர் அடி உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் தருவதோ அரை இறாத்தலுக்கும் குறைவு. அப்படியானால் 20 இறாத்தலுக்குத் தண்ணீர்த் தாங்கி ஏறத்தாழ 45 அடி உயரத்தில் இருக்க வேண்டும்! நம் வீடுகளில் அது 12 அல்லது 15 அடியில்தான் நிற்கிறது. வால்வு திறக்கும் அந்தச் சில விநாடிகளில் தட்டு கால்வாசிகூட நிறைவதில்லை. குழாயில் அழுத்தம் கூட்டும் சிறு பம்பு ஒன்றைப் பூட்டியதும் ராத்தா வீட்டில் முழுக் கட்டிகள் விழத் தொடங்கின. பிரிட்ஜோடு வந்த கையேட்டில் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று எழுதியிருக்கும். வாங்கும் முன்பே பாருங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். சவூதியில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், நமது நாட்டில் 50. அங்கே முன்பு 127 வோல்ட் இணைப்புகளும் இருந்தன. இங்கே 230 வோல்ட். அங்கிருந்து வந்த பழைய பிரிட்ஜின் பின்புறத் தகட்டை வாசிக்காமல் பிளக்கைச் செருகினால் மோட்டார் எரிந்துபோகலாம். ஐக்கிய அரபு இராச்சியம், குவைத், கட்டார் ஆகிய நாடுகளில் 50 ஹேர்ட்ஸ்தான். இருந்தாலும் தகட்டைப் பார்த்துவிடுங்கள்.

கட்டிகள் ஒட்டிக்கொள்கின்றனவா?

ஐஸ் சற்று இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். கரண்ட் போய் வந்திருக்கலாம், அல்லது கதவு சரியாக மூடாமல் இருந்திருக்கலாம். ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு றப்பர் தளர்ந்திருக்கிறது. அதை இளஞ்சூட்டு நீரிலும் சவர்க்காரத்திலும் துடைத்து, மடிப்புக்குள் இருக்கும் மணலை அகற்றுங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் றப்பரை மாற்ற வேண்டும்.

ஒட்டிய கட்டிகளைக் கத்தியால் குத்தாமல், பெட்டியோடு வெளியே எடுத்துச் சில நிமிடங்கள் வைத்துக் கையால் பிரித்தெடுங்கள்.

மின்வெட்டு நமக்குப் புதிதல்ல. 1996ஆம் ஆண்டு வரட்சியில் பல மணி நேரம் இருளில் இருந்தோம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டு வந்தது. 900 மெகாவாட் நுரைச்சோலை மின் நிலையம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் 2025 பெப்ரவரியில் நாடு முழுவதும் கரண்ட் போனபோது அதன் இயந்திரங்களும் நின்றன, அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டுத்தான்!

கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வந்து ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். நிறைந்த உறைபெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிறைந்ததில் 24 மணி நேரமும் குளிர் தாங்கும். நீங்கள் வீட்டில் இல்லாதபோது எவ்வளவு நேரம் கரண்ட் போனது என்று எப்படி அறிவது? ஒரு கோப்பையில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயக் குற்றியை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் கோப்பையின் அடியில் கிடந்தால் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த மீனையும் இறைச்சியையும் நம்பிச் சமைக்க வேண்டாம்.

ஐஸில் மீன் வாடையா?

ஐஸ் பக்கத்திலிருக்கும் மணத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும். கருவாடும் இறாலும் இறுக மூடிய பாத்திரத்தில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை பெட்டியைக் காலி செய்து, அப்பச்சோடா கரைத்த நீரில் கழுவிக் காய வைத்து வையுங்கள். கன நாள் கிடந்த ஐஸை எறிந்துவிடுங்கள். கட்டிகள் தட்டை விட்டு விலகாமல், வெள்ளைப் படிவும் தெரிந்தால் அது கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பு. தட்டை வினாகிரி கலந்த நீரில் ஊற வைத்துக் கழுவினால் போய்விடும். தானியங்கிப் பெட்டியானால் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், பிறகு ஈரத் துணியால் மட்டும் துடையுங்கள்.

உப்புக் காற்று

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகக் காற்று உப்பையும் மணலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. அவை பிரிட்ஜின் பின்புறச் சுருளில் படிந்தால் சூடு வெளியேறாது, ஐஸ் பிடிக்கவும் நேரமெடுக்கும். கடல் பக்க யன்னலுக்கு நேரே பிரிட்ஜை வைக்காதீர்கள். சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மாதம் ஒரு முறை பிளக்கைக் கழற்றி, மென்மையான தூரிகையால் சுருளைத் துடையுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது

இதுவரை சொன்னதெல்லாம் பிரிட்ஜின் நலம். இனிச் சொல்வது பிள்ளைகளின் நலம்.

உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. பெரும்பாலான கிருமிகள் ஐஸுக்குள் உறங்கிக் கிடந்து, சர்பத்தில் கரைந்ததும் விழித்துக்கொள்ளும். வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் ஐஸ் வழியாகவும் வரும். தானியங்கிப் பெட்டி கொதிக்காத பச்சைத் தண்ணீரையே உறைய வைக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. நமது மண் மணல். கிணறுகள் ஆழம் குறைந்தவை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் உரம் இலகுவில் நிலத்தடி நீரில் இறங்கிவிடுகிறது. கற்பிட்டிக் குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980கள் முதல் ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் அளவு கூடும். பிரிட்ஜில் இருக்கும் கரி வடிகட்டியும் பொதுவாக அதை நீக்காது. பிரிட்ஜ் கதவில் வரும் குளிர்நீரும் அதே குழாய் நீர்தான். அதைக் குழந்தையின் பால் போத்தலில் ஊற்ற வேண்டாம்.

ஆகவே, தோட்டக் கிணற்று நீர்தான் உங்களுக்கு வருகிறதென்றால், ஐஸ் பெட்டிக்குப் போகும் குழாயை மூடிவிடுங்கள். நம்பிக்கையான குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றித் தட்டில் ஊற்றுங்கள். பழைய முறைதான், ஆனால் பாதுகாப்பானது. கிணற்று நீரை ஒரு முறையாவது பரிசோதிப்பது நல்லது. மீனுக்குப் போடும் ஐஸை உடைத்துப் பானத்தில் போடும் வழக்கமிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அது குடிப்பதற்கென்று செய்யப்பட்டதல்ல.

எப்போது திருத்துபவரை அழைப்பது?

பிரிட்ஜைத் தொட்டால் விறுவிறுக்கிறதா? டிரிப் சுவிட்ச் விழுகிறதா? வால்வு மூடாமல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதா? உறைபெட்டியே குளிராமல் மோட்டார் மட்டும் ஓடுகிறதா? இவை நாம் கைவைக்கும் வேலை அல்ல. மெயின் சுவிட்சையோ தண்ணீர்க் குழாயையோ மூடிவிட்டு, தொழில் தெரிந்தவரை அழையுங்கள். அவர் வந்ததும், "தண்ணீர் அழுத்தத்தைப் பார்த்தீர்களா, வடிகட்டியைப் பார்த்தீர்களா?" என்று நீங்களே கேளுங்கள். காரணம் சொல்லாமல் பாகத்தை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

சகோதரிகளே, நோன்பு திறக்கும் பிள்ளையின் கையில் நாம் கொடுக்கும் கிளாஸில் இரண்டு கட்டி ஐஸ் மிதக்கிறது. அது எந்தத் தண்ணீர் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். இன்றைக்கே ஐஸ் பெட்டியை ஒரு முறை காலி செய்து கழுவி வையுங்கள்.