சின்ன ஜேசிபி எடுக்கப் போகும் தம்பிமாருக்கு: மலையகத்தில் மாறிவரும் இயந்திரச் சந்தை

சென்ற மாதம் நல்லதண்ணி பஸ் தரிப்பிடத்தில் என்னுடைய பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். பத்து வருடங்கள் கட்டாரில் இயந்திரம் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்திருக்கிறார். சலாம் சொல்லி முடித்த கையோடு விடயத்துக்கு வந்துவிட்டார்.

"சேர், சேர்த்து வச்ச காசு கொஞ்சம் இருக்கு. மிச்சத்துக்கு லீசிங் போட்டு சின்ன ஜேசிபி ஒன்னு எடுக்கப் போறேன். இப்ப எல்லாரும் பெரிய மெஷினை விட்டுட்டு சின்னதுக்குத்தான் மாறுறாங்க. என்ன சொல்றீங்க?"

நான் கணிதம் படிப்பிப்பவன். இயந்திரம் ஓட்டத் தெரியாது. ஆனாலும் லீசிங்குக்கு உம்மாவின் வீட்டு உறுதியையும் பிணையாகக் கேட்கிறார்கள் என்று அவர் சொன்னபோது சும்மா தலையாட்டிவிட்டு வர மனம் வரவில்லை. ஹட்டன், மஸ்கெலியா பக்கத்துக் கொந்தராத்துக்காரர்கள் சிலருடன் பேசினேன். வெளிநாட்டில் இருந்து திரும்பும் நமது இளைஞர்கள் பலரும் இதே கேள்வியோடு இருப்பதால் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். எங்கள் பக்கத்தில் டயரில் ஓடும், முன்னால் மண் அள்ளும் பக்கட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள இயந்திரத்துக்கு எந்தக் கம்பனி செய்தாலும் பெயர் ஜேசிபி. சங்கிலியில் ஓடி, முழு வட்டமாகச் சுழலுவது பெக்கோ. உண்மையில் பெக்கோ என்ற சொல் பின்னால் தோண்டும் அந்தக் கைக்குரிய ஆங்கிலப் பெயரில் இருந்து வந்தது. அது இடம் மாறி சங்கிலி இயந்திரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஜேசிபி என்பது 1945 இல் இங்கிலாந்தில் தொழில் தொடங்கிய ஜோசப் சிரில் பம்ஃபோர்ட் என்பவரின் பெயரின் முதலெழுத்துகள். உழவு இயந்திரத்தின் முன்னும் பின்னும் இரண்டு கருவிகளைப் பூட்டி 1953 இல் அவருடைய கம்பனி வெளியிட்டதுதான் இன்றைய ஜேசிபியின் மூதாதை. 1979 இல் இந்தியாவின் பல்லப்கரில் தொழிற்சாலை வந்த பிறகு நமது பிராந்தியமெங்கும் மஞ்சள் நிறம் பரவியது. இங்கிலாந்தில் பாவித்த இயந்திரங்களும் இங்கே நிறையவே வந்தன.

ஒரு காலத்தில் சிறிய கொந்தராத்துக்காரருக்கு அந்தப் பெரிய ஜேசிபி ஒன்றே போதுமாக இருந்தது. காரணம் எளியது. அது தானே ரோட்டில் ஓடிவரும். மஸ்கெலியாவில் காலையில் ஒரு வேலை, நல்லதண்ணியில் பின்னேரம் இன்னொரு வேலை என்று போகலாம். தோண்டவும், டிப்பரில் ஏற்றவும், நிரவவும் வேறு இயந்திரம் தேவையில்லை.

பிறகு வேலையின் தன்மை மாறியது. தோட்டங்களில் லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் கட்டும் திட்டங்கள் வந்தன. இந்திய உதவியில் 4,000 வீடுகள் தொடங்கின. 2017 மே 12 ஆம் திகதி நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி. மலைச்சரிவில் 7 பேர்ச்சுக்குள், அதுவும் பக்கத்து வீட்டின் அத்திவாரத்துக்கு அருகே, ஏழு அடிக்கு மேல் அகலமும் ஏழு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட இயந்திரத்தைத் திருப்புவது எப்படி? தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் அது நுழைவதே பெரும்பாடு. வீட்டுக்குப் பின்னால் மலசலகூடக் குழி, குடிநீர்க் குழாய் போடக் கான், சரிந்த மண்ணை அள்ளுவது போன்ற சிறு வேலைகள்தான் இன்று அதிகம். இவற்றுக்குச் சின்ன இயந்திரம் தேடுவது நியாயம்தான்.

சின்னது என்றால் எது? இங்கேதான் தம்பிமார் அவசரப்படுகிறார்கள்.

சாதாரண உழவு இயந்திரத்தில் கருவிகளைப் பூட்டிக்கொள்வது ஒரு வழி. விலை குறைவு. ஆனால் அந்த உடல் ஏர் இழுக்கச் செய்தது. நாள் முழுக்கக் கல்மண்ணைத் தோண்டினால் தாங்காது. வயல் மண்ணுக்குச் சரி, மலைக்குச் சரிவராது.

அடுத்தது என் மாணவர் மனதில் வைத்திருந்த சின்ன ஜேசிபி. ஏறக்குறைய 50 குதிரைவலு இயந்திரம், ஒடுங்கிய உடம்பு. பெரியதைப் போலவே தானே ஓடிவரும், ஏற்றும், தோண்டும். குறை என்னவென்றால் தோண்டுவதற்கு முன் இரு பக்கக் கால்களையும் சமமாக ஊன்ற வேண்டும். சரிவில் அதற்கு முதலில் ஒரு தட்டை நிலம் வேண்டும். பின்கை அரை வட்டம்தான் சுழலும். மழை பெய்த களிமண்ணில் டயர் வழுக்கும்.

இன்னொன்று மூன்று டன் அளவிலான சங்கிலி பெக்கோ. பெரும்பாலும் ஜப்பானில் பாவித்தவை, குபோட்டா, யன்மார், கொமாட்சு போன்றவை. ஐந்து அடிப் பாதையில் போகும். நின்ற இடத்தில் முழு வட்டம் சுழலும். ஈர மண்ணில் பிடித்து நிற்கும். ஆனால் ரோட்டில் தூரம் ஓட முடியாது; ஒவ்வொரு வேலைக்கும் லொறியில் ஏற்றி இறக்க வேண்டும், அந்தக் கூலி உங்கள் தலையில். டிப்பரில் மண் ஏற்றுவதும் மெதுவாகத்தான் நடக்கும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சின்ன பெக்கோவும் அதற்குத் துணையாகச் சின்ன லோடரும் வந்து, சிறிய ஜேசிபி வகையின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. இந்தியாவில் அப்படி நடக்கவில்லை. அங்கே ஒருவர் ஒரு இயந்திரம் வைத்து மணித்தியாலக் கூலிக்கு ஓட்டுவதால் எல்லா வேலையும் செய்யும் ஜேசிபிதான் இன்னும் ராஜா. நாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். என் அபிப்பிராயத்தில், ரோட்டோரக் கான், டிப்பர் ஏற்றுதல் போன்ற வேலை உள்ளவருக்குச் சின்ன ஜேசிபி. தோட்டத்துக்குள் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்குச் சின்ன பெக்கோ. வேலையைப் பார்த்துத்தான் இயந்திரம் எடுக்க வேண்டும். பலர் இயந்திரத்தை எடுத்துவிட்டு வேலை தேடுகிறார்கள்.

விலையின் கதை வேறு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் மே மாதமளவில் 360 ஐத் தொட்டது. 2021 இறுதியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் 26 ஆம் திகதி 460 ரூபாவானது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அரச வேலைகள் நின்றன, செய்த வேலைகளின் பில்லும் வரவில்லை. தவணை கட்ட முடியாமல் இயந்திரத்தைப் பறிகொடுத்தவர்கள் நம் ஊர்களிலும் உண்டு.

இன்று நிலைமை எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரி 1 முதல் நீங்கியது. கொள்கை வட்டி 2025 மே மாதம் 7.75 வீதத்துக்கு இறங்கியது. கடந்த நவம்பரில் டித்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டு மலையகத்தின் பாதைகளையும் துண்டித்த பின் எங்கு பார்த்தாலும் இயந்திரத்துக்குத் தேவை. இதைப் பார்த்துத்தான் பலர் லீசிங் கந்தோருக்கு ஓடுகிறார்கள். சரிந்த மண்ணை அள்ளும் வேலை சில மாதத்தில் முடிந்துவிடும். லீசிங் நான்கைந்து வருடத்துக்கு இருக்கும். இந்த இரண்டு கால அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

மாணவரிடம் நான் கேட்ட முதல் கணக்கு இதுதான்: "மகன், மாதத் தவணைக்கு எத்தனை மணித்தியாலம் ஓட வேணும்?" டீசல், ஒப்பரேட்டரின் சம்பளம், சர்வீஸ் போக மிஞ்சுவதை வைத்துப் பார்த்தபோது ஏறக்குறைய 90 மணித்தியாலம் வந்தது. விற்பவர் மாதம் 200 மணித்தியாலம் ஓடும் என்று சொல்லியிருந்தார். நல்லதண்ணியில் மே கடைசியில் தொடங்கும் தென்மேல் பருவமழை செப்டெம்பர் வரை விடாது. அந்த மாதங்களில் 40 மணித்தியாலம் ஓடினாலே அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டும். டிசம்பரில் இருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம். வார இறுதிகளில் வாகன நெரிசலில் இயந்திரத்தை ரோட்டில் எடுக்கவே முடியாது. ஆகவே மழை மாதங்களின் தவணையை வெயில் மாதங்களில் ஒதுக்கி வைக்காதவர் முதல் வருடத்திலேயே மாட்டிக்கொள்வார்.

வட்டி பற்றியும் கேட்டார், கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின் இங்கே இஸ்லாமிய நிதிமுறைகளுக்கு வழி திறந்தது. அமானா வங்கி 2011 இல் இயங்கத் தொடங்கியது. வேறு நிதி நிறுவனங்களிலும் தனிப் பிரிவுகள் உண்டு. இஜாராவில் நிறுவனம் இயந்திரத்தைத் தான் வாங்கி உங்களுக்கு வாடகைக்குத் தருகிறது; உரிமையும் அதனோடு வரும் பொறுப்பும் அதனிடம் இருக்க வேண்டும். தாமதக் கட்டணம் நிறுவனத்தின் இலாபமாகாமல் தர்மத்துக்குப் போக வேண்டும். ஒப்பந்தத்தில் இவை உண்மையில் எழுதப்பட்டுள்ளனவா என்று வாசித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும். ஹலாலானது என்பதற்காக வாடகை மழை மாதத்தில் வராமல் இருக்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பாவித்த இயந்திரம் என்றால் மணி மீற்றரை நம்ப வேண்டாம். மிதிபலகையின் தேய்வு, கையின் பின்களில் உள்ள ஆட்டம், தூக்கி நிறுத்திய பக்கட் தானாக இறங்குகிறதா என்பவை பொய் சொல்லாது. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் யார் என்று பாருங்கள். ஓட்டுபவரிடம் ஜே வகுப்பு அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். கட்டாரில் ஓட்டிய அனுபவம் பொலிஸுக்குப் போதாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய இயந்திரம் போகாத இடத்துக்குச் சின்னது போகிறது. முன்பு யாரும் கைவைக்காத சரிவுகளின் அடியும் இப்போது வெட்டப்படுகிறது. நுவரெலியா மாவட்டத்தில் கட்டட வேலைக்கு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி வேண்டும். "அரை மணித்தியால வேலைதானே" என்று வீட்டுக்காரர் சொல்வார். 2014 இல் மீரியபெத்தையில் லயங்களே புதைந்ததைக் கண்டவர்கள் நாம். அடியில் வெட்டினால் மேலே இருப்பவரின் வீட்டுக்கு என்ன ஆகும் என்று பார்க்காமல் லீவரைப் பிடிக்கக் கூடாது. அனுமதி இல்லாத வேலையை மறுத்தால் ஒரு நாள் கூலி போகும், அவ்வளவுதான்.

மாணவர் இன்னும் இயந்திரம் எடுக்கவில்லை. இந்த மழைக்காலம் முடியும் வரை நோர்வூட்டில் ஒருவருடைய சின்ன பெக்கோவைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று தினமும் கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒக்டோபரில் அந்தக் கொப்பியோடு வருவார், இன்ஷா அல்லாஹ். உம்மாவின் உறுதி இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது.