ஒளி வரைந்த கோடுகள்

பழனி மலைத்தொடரில், காப்பிச் செடியும் மலைவாழையும் செழித்து வளரும் ஊர்களுள் ஒன்று பண்ணைக்காடு. காலை மூடுபனி விலகி இளவெயில் பரவும் வேளையில், அங்குள்ள செடிகளின் கிளைகளுக்கிடையே சிலந்தி பின்னிய வலை பச்சையும் சிவப்புமாக மின்னுவதைக் காணலாம். சிலந்தியின் இழைக்கு நிறம் இல்லை. அதன்மீது படும் கதிரொளியோ வெண்மையானது. அவ்வாறாயின் அந்நிறங்கள் எங்கிருந்து வந்தன?

இக்கேள்விக்கு விடை காண முயன்ற அறிஞர்கள் மூன்று அரிய பயன்களுக்கு வழி திறந்தனர். அதே மலைத்தொடரின் மேலே, கொடைக்கானலில், கதிரவனை ஆராயும் கருவி ஒன்று. கடையில் பொருளின் மீதுள்ள கோட்டுக் குறியைப் படிக்கும் கருவி மற்றொன்று. இசையைத் தன்னுள் அடக்கிய குறுந்தகடு மூன்றாவது. தோற்றத்தில் வேறுபட்ட இம்மூன்றும் ஒரே இயற்கை நெறியை அடிப்படையாகக் கொண்டவை.

ஒளி அலைவடிவில் செல்வது. அமைதியான குளத்தில் இரண்டு கற்களை அருகருகே எறிந்தால், இரு வட்டங்களாக அலைகள் விரிகின்றன. ஒன்றன் முகடும் மற்றொன்றன் முகடும் கூடும் இடத்தில் அலை உயர்கிறது. முகடும் பள்ளமும் கூடும் இடத்தில் நீர் அடங்கிவிடுகிறது. ஒளி அலைகளும் இவ்வாறே கூடியும் குறைந்தும் நிற்கின்றன. இதனைக் குறுக்கீட்டு விளைவு என்பர். மெல்லிய இழையின் ஓரத்திலோ நுண்ணிய இடுக்கிலோ படும்போது ஒளி சற்றே வளைந்து பரவும். இது விளிம்பு விளைவு எனப்படும். சிலந்தி இழையின் நிறங்கள் இவ்விரு விளைவுகளால் தோன்றுபவையே.

ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஊதா ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 மைக்ரான்; சிவப்பொளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.7 மைக்ரான். ஒரு தகட்டின்மீது மிக நெருக்கமாகச் சம இடைவெளியில் கோடுகளை வரைந்து, அதன்மேல் வெள்ளொளியை வீழ்த்தினால், ஒவ்வொரு நிறமும் தன் அலைநீளத்திற்கேற்ற தனித்திசையில் மட்டும் கூடி ஒளிரும். அதனால் வெள்ளொளி நிறமாலையாகப் பிரிகிறது. இத்தகடே கீற்றணி ஆகும். செருமானிய அறிஞர் பிரான்ஹோபர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெல்லிய கம்பிகளை நெருக்கமாகக் கட்டியும், பின்னர்க் கண்ணாடியில் வைரமுனையால் கீறியும் இதனை அமைத்தார்.

இனி, கீற்றணி ஆற்றிய தொண்டைக் கொடைக்கானலில் காண்போம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. மழை பொய்ப்பதற்கும் கதிரவனில் நிகழும் மாறுதல்களுக்கும் தொடர்பு உண்டோ என்ற கேள்வி அக்காலத்தில் வலுவாக எழுந்தது. அதனை ஆராய உயர்ந்த இடமும் தெளிந்த வானமும் வேண்டப்பட்டன. 1899இல், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் கதிரவ ஆய்வகம் நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் சார்லஸ் மிச்சி சுமித். 1907இல் ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர் அங்கு வந்து சேர்ந்தார்.

கதிரவனின் நிறமாலையில் எண்ணற்ற கருங்கோடுகள் உள்ளன. ஒளி தரும் பொருள் நம்மை நோக்கி வந்தால் அக்கோடுகள் ஊதாப் பக்கமாகவும், விலகிச் சென்றால் சிவப்புப் பக்கமாகவும் சிறிது நகரும். 1909ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கதிரவனின் ஓரத்திற்கு அருகிலிருந்த கரும்புள்ளிகளை எவர்ஷெட் ஆராய்ந்தார். புள்ளியின் ஒரு பக்கத்தில் கோடுகள் ஊதாவை நோக்கியும், மறுபக்கத்தில் சிவப்பை நோக்கியும் நகர்ந்திருந்தன. கரும்புள்ளியின் நடுவிலிருந்து வளிப்பொருள் வெளிநோக்கிப் பாய்கிறது என்னும் உண்மை இதனால் வெளிப்பட்டது. இன்றும் உலகம் இதனை ‘எவர்ஷெட் விளைவு’ என்றே வழங்குகிறது.

நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பொருள் நகர்ந்தால், கோடு தன் அலைநீளத்தில் ஒன்றரை இலட்சத்தில் ஒரு பங்கே இடம் பெயரும். இத்துணைச் சிறிய பெயர்ச்சியை நம்ப வேண்டுமாயின், அதனைக் காட்டும் கருவி பிழையற்றதாக இருத்தல் வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அந்த ஆய்வகத்தில் சுரங்கத் தொலைநோக்கி ஒன்று பணிக்கு வந்தது. 11 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் ஆடிகள் கதிரொளியை நிலத்தடியே 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தினுள் செலுத்துகின்றன; ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் விட்டமுள்ள கதிரவனின் உருவம் அங்கே விழுகிறது. அவ்வொளியைப் பிரிக்கும் கீற்றணியில் ஒரு மில்லிமீட்டருக்கு 600 கோடுகள் உள்ளன.

ஒரு சாண் அகலமுள்ள இத்தகைய கீற்றணியில் கோடுகளின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தாண்டும். இவற்றைக் கீற அமெரிக்க அறிஞர் ரோலண்டு 1880களில் சிறந்த பொறிகளை அமைத்தார். ஒரு திருகு தகட்டை அணுவணுவாக நகர்த்த, வைரமுனை ஒவ்வொரு கோடாகக் கீறும். அறையின் வெப்பம் சற்று மாறினாலும் திருகு நீண்டுவிடும். வைரமுனை தேய்ந்தாலும் வேலை கெடும். திருகின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பிழை மீண்டும் மீண்டும் நேர்ந்தால், நிறமாலையில் இயற்கையில் இல்லாத கோடுகள் தோன்றும். அறிஞர்கள் அவற்றைப் ‘பேய்க் கோடுகள்’ என்றனர். கீறிய பொறியின் பிழை, கதிரவனின் இயல்பு போலத் தோற்றமளித்து ஆராய்வோரை ஏமாற்றக்கூடும்.

இரும்புத் திருகுக்கு மாறாக ஒளியையே கோடு வரையச் செய்தால் என்ன? அதற்கு வழி வகுத்த கருத்தை 1948இல் டென்னிஸ் கேபர் என்னும் அறிஞர் வெளியிட்டார். பொருளிலிருந்து வரும் ஒளியுடன் வேறொரு சீரான ஒளியைக் கூட்டினால் தோன்றும் நுண்வரிகளைப் பதிவு செய்து, அப்பதிவிலிருந்து பொருளின் முழு ஒளியலையையும் மீண்டும் பெறலாம் என்பது அவர் கருத்து. இப்பதிவு ‘ஹோலோகிராம்’ எனப் பெயர் பெற்றது. ‘முழுமையான எழுத்து’ என்பது அதன் பொருள். இக்கண்டுபிடிப்புக்காக 1971இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் நாடிய ஒரே நிறமுடைய சீரான ஒளியை, 1960இல் மெய்மன் அமைத்த முதல் லேசர் தந்தது.

இரண்டு லேசர் கற்றைகளை ஒளியுணர் பூச்சின்மேல் ஒன்றுகூடச் செய்தால், வெளிச்சமும் இருளும் மாறிமாறி வரும் வரிகள் சம இடைவெளியில் தோன்றும். பூச்சைப் பதப்படுத்தினால் அவ்வரிகள் நிலைத்துக் கீற்றணியாகும். இங்கே திருகு இல்லை; ஆதலால் திருகின் பிழையும் இல்லை; அப்பிழையால் வரும் பேய்க் கோடுகளும் இல்லை. 1960களின் இறுதியில் இம்முறை வளர்ந்தது.

மேலும் ஒரு வியப்பு உண்டு. கற்றைகளுள் ஒன்றை ஒரு புள்ளியிலிருந்து விரியச் செய்தால், பதியும் வரிகள் வளைந்தும் நெருங்கியும் அமையும். அத்தட்டையான படலம் பின்னர் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும். கனத்த கண்ணாடி வில்லை செய்யும் வேலையை மெல்லிய படலம் செய்கிறது. ஒளியை வளைத்தல், பிரித்தல், குவித்தல் ஆகிய தொழில்களை ஒரே படலம் ஆற்றவும் கூடும். இதுவே ஹோலோகிராம் ஒளியுறுப்பு. வெவ்வேறு நிறங்களை அது வெவ்வேறு திசையில் வளைக்குமாதலால், ஒரே நிறமுடைய லேசரோடு சேர்ந்தே சிறப்பாகத் தொழிற்படும்.

இவ்வுறுப்புக் கடைகளில் பயன்பட்ட வரலாறு சுவையானது. பொருளின் மீதுள்ள கருங்கோடுகளை லேசர் கற்றை கடந்து செல்லும்போது, திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வு அப்பொருளின் எண்ணைத் தெரிவிக்கிறது. ஆனால் வாங்குவோர் பொருளை எந்தப் பக்கம் திருப்பி வைப்பர் என்று கூற இயலாது. ஆகவே கற்றை பல திசைகளில் ஓட வேண்டும். 1980இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கருவியில், பல ஹோலோகிராம் துண்டுகள் கொண்ட தட்டு ஒன்று சுழன்றது. ஒவ்வொரு துண்டும் லேசரை வெவ்வேறு கோணத்தில் வளைத்து, வெவ்வேறு தொலைவில் குவித்தது. பிற்காலத்தில் ஆடிகளும் நிழற்படக் கருவிகளும் இவ்வேலையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டன.

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடோ தானே ஒரு கீற்றணி போன்றது. அதில் நுண்குழிகள் அமைந்த தடம் சுருள்சுருளாகச் செல்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளின் இடைவெளி 1.6 மைக்ரான், அதாவது மில்லிமீட்டருக்கு 625 சுற்றுகள். கொடைக்கானல் சுரங்கத்துக் கீற்றணியின் 600 கோடுகளுக்கு இது பெரிதும் நெருங்கியது. தகடு வானவில்லின் நிறங்களைக் காட்டுவதற்குக் காரணம் இதுவே. குழியின் ஆழம் லேசர் அலைநீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. குழியினின்று திரும்பும் ஒளி அதன் சுற்றுப்புறத்தினின்று திரும்பும் ஒளியுடன் மோதி அடங்குவதால், குழி உள்ள இடம் மங்கித் தோன்றும். இம்மாறுதலே எண்ணாகவும் பின்பு இசையாகவும் மாறுகிறது.

தகடு சுழலும்போது சற்றே மேலும் கீழும் அசையும். லேசர் ஓரிரு மைக்ரான் அளவிலும் குவியம் தவறலாகாது. பல கருவிகளில் இதனைக் காப்பது சிறியதொரு ஹோலோகிராம் உறுப்பே. திரும்பி வரும் ஒளியைப் பகுத்து, ஒளியுணர்விகளின் வெவ்வேறு பகுதிகளுக்கு அது அனுப்புகிறது. அவற்றின் வெளிச்சத்தை ஒப்பிட்டு, வில்லை நெருங்கியுள்ளதோ விலகியுள்ளதோ என்பதைக் கருவி உணர்ந்து திருத்திக்கொள்கிறது. முன்பு பல கண்ணாடி உறுப்புகள் செய்த வேலை இதனால் ஒரு சிறு சில்லில் அடங்கியது.

குறுந்தகட்டின் பயன்பாடு இன்று குறைந்துவிட்டது. ஆயினும் நெருங்கிய கோடுகளால் ஒளியை ஆளும் கலை குறையவில்லை. கொடைக்கானலில் 1904 முதல் எடுக்கப்பட்ட கதிரவப் படங்கள், உடையக்கூடிய தகடுகளினின்று கணிப்பொறிக்குரிய எண்களாக மாற்றப்பட்டுள்ளன. நூறாண்டுக் காலக் கதிரவனை அறிஞர்கள் அவற்றில் ஒருசேரக் காண்கின்றனர்.

பழைய குறுந்தகடு ஒன்று கிடைப்பின், மாணவர் அதனைச் சாளரத்தின் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கலாம். கதிரவனையோ தகட்டில் தெறிக்கும் அதன் ஒளியையோ நேரே நோக்குதல் கண்ணுக்குத் தீங்கு. தகட்டில் தோன்றும் ஊதாவும் பச்சையும் சிவப்பும் தத்தம் இடத்தில் தெளிவாக நிற்பதற்கு, அதன் தடங்கள் சம இடைவெளியில் அமைந்திருப்பதே காரணம். கோடு பிறழாத கருவியே உண்மையைக் காட்டும். மலையுச்சியில் கதிரவனின் ஒரு சிறு அசைவை அறிஞர் உலகம் நம்பியதும் அந்தச் செம்மையினால்தான்.