சுவரில் விழுந்த அச்சுப்பூக்கள்

அரிசி மூட்டையின்மேல் வணிகரது அடையாளம் பதிந்திருப்பதை நேயர்கள் கண்டிருப்பர். எழுத்து வெட்டிய தகட்டை மூட்டைமேல் வைத்து, மை தோய்ந்த தூரிகையால் தட்டியதும் எழுத்து விழுந்துவிடுகின்றது. ஸ்டென்சில் என வழங்கும் இவ்வெளிய முறையைக் கொண்டே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி மக்கள் தம் வீட்டு உட்சுவர்களைப் பூக்கச் செய்தனர்.

பூ அச்சிட்ட சுவர்க் கடதாசி அக்காலத்தில் இல்லாமலில்லை. ஆயின், அது விலையுயர்ந்த பொருள். உழவர் குடும்பங்களுக்கும், வழிப்போக்கர் விடுதி நடத்தியோர்க்கும் அஃது எட்டாக்கனி. வாங்க வசதி இல்லை என்பதனால் அழகில் ஆசை இல்லாமற் போய்விடுமா? அவ்வாசையை நிறைவேற்ற, வெட்டிய தாள்களையும் தூரிகைகளையும் பெட்டியில் இட்டுக்கொண்டு ஊரூராகச் சென்ற தொழிலாளர் தோன்றினர். பெரும்பாலோர் தம் பெயரைச் சுவரில் எழுதிவைக்கவில்லை. பெயர் நிலைத்த சிலருள் ஒருவர் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்து மோசஸ் ஈற்றன் (1796–1886). அவருடைய தொழிற்பெட்டி, ஹிஸ்டோரிக் நியூ இங்கிலாந்து என்னும் நிறுவனத்தின் பாதுகாப்பில் உள்ளது. அன்னாசி, அழுகை வில்லோ மரம், ஓக்கிலை முதலியன அக்காலச் சுவர்களில் மிகுதியாகக் காணப்படுவன. அன்னாசி விருந்தோம்பலின் அடையாளம்.

தாளை வெட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. வளையம் ஒன்றை முழுவதும் சுற்றி வெட்டினால் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும். ஆதலின், ஆங்காங்கே மெல்லிய கீற்றுகளை வெட்டாது விட்டு, உள்ளதையும் புறத்ததையும் பிணைத்தல் வேண்டும். ஸ்டென்சிற் பூக்களின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாது நிற்பதன் காரணம் இதுவே. குறையாகத் தொடங்கிய அவ்விடைவெளியே அக்கலையின் தனியழகாயிற்று எனலாம். இரண்டு வர்ணம் வேண்டின் இரண்டு தாள்கள் வெட்டப்படும். முதல் வர்ணம் காய்ந்தபின்னரே இரண்டாவது தாள் சுவரில் ஏறும். தாள் ஈரத்தில் நைந்து போகாதிருக்க அதற்கு எண்ணெய் பூசுவர்.

தூரிகை ஏறக்குறைய உலர்ந்ததாய் இருத்தல் வேண்டும். தீந்தை மிகுந்தால் அது தாளுக்கும் சுவருக்கும் இடையே கசிந்து ஓரத்தைக் கெடுக்கும். தூரிகையை இழுத்துப் பூசாது, நேராகப் பிடித்துத் தட்டுவது வழக்கம். கூரையோரத்தில் ஒரு பட்டை, மேலிருந்து கீழாகச் சில பட்டைகள், அவற்றினிடையே தனித்தனி உருவங்கள் என்பது பொதுவான அமைப்பு. மூலையை அடையும்போது பூ பாதியில் நில்லாதவாறு முன்னரே அளந்து, இடைவெளிகளைச் சிறிது சிறிதாகக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுதல் வேண்டும். கைத்தேர்ச்சி வெளிப்படும் இடம் மூலையே.

சுண்ணாம்புச் சுவரில் இதனைச் செய்ய முற்படுவோர் வேறொன்றையும் கருத வேண்டும். புதுச் சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. எண்ணெய்த் தீந்தையிலுள்ள எண்ணெயைச் சவர்க்காரம்போல் மாற்றிவிடும். பிரசிய நீலம் அதன்மேல் நிறமிழந்துவிடும். காவியும் மஞ்சட்காவியும் மண்ணிலிருந்து வந்தவையாதலின் காரத்தைத் தாங்கி நிற்கும்.

பின்னர் இயந்திரங்களில் அச்சிட்ட சுவர்க் கடதாசி மலிந்தது. வீட்டார் பழைய பூக்களின்மேலேயே அதனை ஒட்டினர். மறைத்த அக்கடதாசியே ஒளியினின்றும் தேய்வினின்றும் அவற்றைக் காத்தது என்பது வியப்புக்குரியது. 1937இல் ஜனற் வாரிங் என்னும் பெண்மணி இச்சுவர்களைப் பற்றி நூலொன்று வெளியிட்ட பின்னர் அவற்றின் மதிப்புப் பலருக்கும் புலனாயிற்று. எனினும், அதனை அறியாது கடதாசியை நீராவியால் நனைத்து உரிப்போர், நீரிற் கரையும் பழைய வர்ணத்தையும் கூடவே கழுவிவிடுகின்றனர். அறிந்தோர் முதலில் ஒரு மூலையை மட்டும் உலர்ந்த நிலையிலேயே மெல்லக் கிளப்பி, அடியில் வர்ணம் தெரிகின்றதா எனப் பார்த்த பின்னரே மேலே தொடுவர்.