உங்களுக்குத் தெரியுமா? பட்டாளம் ஒட்டிவிட்ட கெட்ட பெயர்!

அமெரிக்கப் பட்டாளத்தில் கெட்ட பெயரோடு சீட்டுக் கிழிந்தால் சிப்பாய் யூனிஃபார்மையும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்! பதிலுக்கு ஒரு செட் சாதாரண உடுப்பும், குளிருக்கு ஒரு கோட்டும் தரலாம் என்கிறது சட்டம். இரண்டும் சேர்த்து உச்சவரம்பு? வெறும் 30 டாலர்! கையில் காசே இல்லாவிட்டால் செலவுக்கு 25 டாலர் வரை கிடைக்கும்!

வெளியே வருகிறவர் கையில் டிடி 214 என்று ஒரு தாள் இருக்கும். வேலை, படிப்பு, பென்ஷன் என்று எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள். அதில் 24ஆம் கட்டத்தைப் பாருங்கள். ஓரிரு வார்த்தைதான். ஆனால் ஆளின் தலையெழுத்தே அதுதான்!

அந்தக் கட்டத்தில் எழுதும் பெயருக்கு ஐந்து படிகள். உச்சியில் கௌரவ விடுவிப்பு (டிஸ்சார்ஜ்), அடியில் அவமான நீக்கம். கடைசிப் படிக்கு விழுந்தவர் ஆயுசு முழுக்கத் துப்பாக்கியைத் தொடக்கூடாது. துப்பாக்கி மலிந்த அமெரிக்காவில்!

முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? 36 மாதப் படிப்புச் செலவு! முதல் படிக்காரருக்கு அரசு கட்டும். ஒரு படி இறங்கினால் அந்தச் சலுகை கிடையாது!

"ஆறு மாசம் போனால் கெட்ட டிஸ்சார்ஜ் தானாக நல்லதாக மாறிவிடும்." தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்தில் உலவும் நம்பிக்கை இது. சுத்தப் பொய்! மனுப் போட வேண்டும், அதுவும் மறுஆய்வு வாரியத்துக்கு 15 வருடத்துக்குள்!

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீலத் தாளில் அச்சடித்த டிஸ்சார்ஜ் ஒன்று இருந்தது. கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்ற விசாரணை தேவையில்லை. தாளை நீட்டினால் போதும், ஆள் வெளியே! ராணுவத்தில் கறுப்பினத்தவர் சுமார் 6.5 சதவீதம். நீலத் தாள் வாங்கியவர்களில்? 22 சதவீதம்! எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்கள்!

இனி வருவது நான் தேடிப் பிடித்ததிலேயே முத்து!

1906. டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் ஊரில் நள்ளிரவில் துப்பாக்கிச் சூடு. ஒருவர் சாவு. பழி கறுப்பினச் சிப்பாய்கள் மேல்! விசாரணை மன்றமும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒரே உத்தரவில் 167 கறுப்பினச் சிப்பாய்களை வீட்டுக்கு அனுப்பினார்!

அவர்களில் ஒருவர் டோர்சி வில்லிஸ். மினியாபொலிஸ் நகரில் ஒரு முடிதிருத்தகத்தில் ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தார். ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை. 59 வருடம்! வந்தவர் போனவர் செருப்பையெல்லாம் துடைத்த அந்தக் கை எந்தக் குற்றமும் செய்ததாக யாரும் நிரூபிக்கவே இல்லை! 1972இல் ராணுவம் தன் தவறைத் திருத்தியது. மறுவருடம் 87ஆம் பிறந்தநாளன்று கௌரவ டிஸ்சார்ஜ் அவர் கைக்கு வந்தது. பிறகு 25,000 டாலர் செக்கும்!

வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய முதல் கறுப்பினத்தவர் ஹென்றி ஃப்ளிப்பர். அடிமையாகப் பிறந்தவர்! ஃபோர்ட் சில் முகாமில் இவர் வெட்டிய வடிகால் தேங்கிய தண்ணீரை ஓட்டியது, மலேரியாவையும் ஓட்டியது! பணத்தைக் கையாடியதாக வழக்கு. அதில் குற்றமற்றவர் என்று தீர்ப்பு. ஆனால் 'அதிகாரிக்குத் தகாத நடத்தை' என்று சொல்லி 1882இல் நீக்கிவிட்டார்கள்! மனுஷர் சோர்ந்து உட்காரவில்லை. சர்வேயர், சிவில் இன்ஜினீயர் என்று கொடிகட்டிப் பறந்தார். அவர் ஆயுளில் மட்டும் அந்தக் கறை போகவில்லை. மன்னிப்பு வந்தது 1999இல். அமெரிக்க அதிபர் ஒருவர் இறந்துபோனவருக்கு மன்னிப்பு வழங்கியது அதுதான் முதல் முறை!

தன்பாலின ஈர்ப்பாளர் என்பதற்காக 1955இல் கடற்படையிலிருந்து கௌரவக் குறைவாக வெளியேற்றப்பட்டவர் ஹார்வி மில்க். அதே கடற்படை 2021இல் அவர் பெயரிலேயே ஒரு கப்பலை நீரில் இறக்கியது! 2025இல் அந்தப் பெயரையும் எடுத்துவிட்டது!

1917, ஹூஸ்டன் கலவரம். 110 கறுப்பினச் சிப்பாய்களுக்குத் தண்டனை. ஒரே விடியலில் 13 பேருக்குத் தூக்கு, மொத்தம் 19 பேர்! 2023 நவம்பரில் ராணுவம் அத்தனை தீர்ப்பையும் ரத்து செய்தது. எல்லோர் பதிவேட்டிலும் இப்போது கௌரவமான சேவை. தூக்கில் தொங்கியவர்களுக்கும்தான், 106 வருடம் கழித்து!