புதுத் துப்பாக்கியை முதன்முதல் எடுக்கும் முன்

பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்தில் கண்மாய்ப் பாசன நெல்லும் நிலக்கடலையும் பயிரிடும் உழவர்களில் சிலர் பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பர். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு இதற்கென உரிமம் வழங்க வகை செய்கிறது. அது போதாதென்று உரிம அலுவலர் கருதினால், குழல் 20 அங்குலத்திற்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான வேறு துப்பாக்கிக்கும் அளிக்கலாம். ஆனால் உரிமம் இருப்பதாலேயே விலங்கைச் சுடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. மயிலும் காட்டுப்பன்றியும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டவை. வனத்துறையை முதலில் அணுகுவதே முறை.

இனி, 12 போர் தோட்டாத் துப்பாக்கி ஒன்றைப் புதிதாக வாங்கி வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். துரு ஏறாதிருக்கத் தொழிற்சாலையிலேயே குழலின் உள்ளும் புறமும் கெட்டியான கிரீஸ் பூசி அனுப்புவார்கள். அதைத் துடைக்காமல் சுடுவது பேராபத்து. கிரீஸ் கட்டியோ, மறந்துவிட்ட துணித்துண்டோ குழலை அடைத்திருந்தால், வெடிமருந்துப் புகை வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறி, குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். அப்போது சேதமாவது குழலைத் தாங்கிய இடது கையே.

முதலில் துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா அறை காலியாக உள்ளதைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். பிறகு குழலைக் கழற்றி, மரக்கோலில் சுற்றிய பழைய பருத்தித் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, தோட்டா போடும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாகத் தள்ளுங்கள். அழுக்கு விசைப் பகுதிக்குள் இறங்காதிருக்கவே இந்தத் திசை. துணி வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். இவ்வேலையைத் திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

துடைத்தபின் மெல்லிய மெஷின் எண்ணெயை உலோகப் பாகங்களில் லேசாகத் தடவினால் போதும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ போடுவோர் உண்டு. இவை நாளடைவில் பிசினாகி, விசையை ஒட்ட வைத்துவிடும். சுடுவதற்கு முன் குழலையும் தோட்டா அறையையும் உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, தோட்டா போடும் பக்கமிருந்து பாருங்கள். உட்புறம் முழுதும் ஒரே சீராக மின்ன வேண்டும்.

தோட்டா அறையின் நீளம் குழலில் பொறிக்கப்பட்டிருக்கும். 65 மில்லிமீட்டர் அறையில் 70 மில்லிமீட்டர் தோட்டாவைப் போடாதீர்கள். சுடாத நிலையில் அதன் நீளம் குறைவாகவே இருப்பதால் உள்ளே நுழைந்துவிடும். சுடும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் மிகும். நுழைகிறதே என்பதை நம்பக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் உறையில் வைப்பது தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சித் துருவை வளர்க்கும். பூட்டிய பெட்டியில் உலர வைத்து, தோட்டாக்களைத் தனியே பூட்டுங்கள்.

தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்த துப்பாக்கி திரும்பி வரும்போது, அதையும் புதுத் துப்பாக்கியாகவே கருதி மேற்சொன்னபடி துடைக்க வேண்டும். நெடுநாள் சும்மா கிடந்த குழலில் குளவி மண் கூடு கட்டியிருக்கக் கூடும். கோலை ஒரு முறை முழு நீளத்திற்கும் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.